மரங்களுக்கு நடுவே நாடகம் போடுவது எப்படி: தன்னார்வக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

புதிதாக இறங்கும் குழுக்கள் முதலில் நாடகத்தை முடிவு செய்கின்றன. பிறகு நடிகர்களைச் சேர்த்து, மேடையைத் திட்டமிடுகின்றன. பார்வையாளர்கள் எந்த வழியாக வருவார்கள், இருட்டிய பிறகு எப்படித் திரும்புவார்கள் என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் எழுகிறது. அதற்குள் மேடை இருக்கும் இடம் முடிவாகியிருக்கும். பாதையை மாற்ற வழியிருக்காது.

காட்டில் வேலையைத் தொடங்க வேண்டிய வரிசை வேறு. முதலில் பாதை, அடுத்து உட்காரும் இடம், அதற்குப் பொருந்தும் ஆடுகளம், அதன்பிறகே ஒலியும் விளக்கும். கீழே உள்ள அளவுகள் சுமார் 100 பார்வையாளர்கள், ஒன்றரை மணி நேரம் ஓடும் மாலை நாடகம் என்ற கணக்கில் தரப்பட்டவை. கூட்டம் பெரிதானால் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். வேலை வரிசையை மாற்ற வேண்டாம்.

## 1. அனுமதியும் தேதியும்

நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்து அனுமதி வாங்காமல் ஒரு முளைக்குச்சி கூட அடிக்காதீர்கள். தேதி, கூட்டத்தின் அளவு, முடியும் நேரம், ஜெனரேட்டர் உண்டா, வாகனங்கள் எதுவரை வரலாம், இரவு தங்கிக் காவல் இருக்கலாமா ஆகிய ஆறும் அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வாய்மொழி அனுமதி, பொறுப்பாளர் மாறினால் அவரோடு போய்விடும்.

தேதி குறிக்கும்போது நிலவைப் பாருங்கள். பௌர்ணமி அன்று சூரியன் மறையும் வேளையிலேயே நிலவு எழும். அதன்பின் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். திரும்பும் பாதையில் வெளிச்சம் வேண்டுமானால் பௌர்ணமிக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் நல்லவை. அப்போது நிலவு ஏற்கெனவே மேலே இருக்கும். பௌர்ணமி கழிந்து நான்கு நாள் ஆனால், நாடகம் முடியும் வரை நிலவு வராமலும் போகலாம்.

பறவைகள் கூடு கட்டும் பருவத்தையும், சருகு காய்ந்து தீப்பிடிக்கும் பருவத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்த இடத்துக்கு அவை எந்த மாதங்கள் என்பது வனக் காவலருக்கும் அருகில் வசிப்பவர்களுக்கும் தெரியும்.

## 2. இடத்தை இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை பகலில். மேலே அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை, பாதி முறிந்து இன்னொரு கிளையில் சிக்கித் தொங்கும் கொம்பு, அடியில் காளான் முளைத்த மரம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அதன் கீழ் ஆட்களை உட்கார வைக்கக் கூடாது. காற்றே இல்லாத நாளிலும் பட்ட கிளை விழும். மரம் அறுக்கத் தெரிந்தவர் வந்து பார்த்துச் சரியென்ற பிறகே அந்த இடத்தைக் கணக்கில் சேருங்கள்.

தேன்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்று தனியாக ஒரு சுற்று வாருங்கள். அதிர்வு, புகை, கூட்டுக்கு அருகே பளிச்சிடும் விளக்கு ஆகியவை தேனீக்களைக் கிளப்பிவிடும். உட்காரும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் பெரிய கூடு இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கூட்டைக் கலைக்க முயல வேண்டாம்.

இரண்டாம் முறை, நாடகம் நடக்கப்போகும் அதே மணிக்கு. பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் விட்டுவிடுகின்றன. கிளைகள் அடர்ந்த இடத்தில் வெட்டவெளியை விட முன்னதாகவே இருட்டிவிடும். பகலில் கேட்காத தவளைச் சத்தமும் சில்வண்டு இரைச்சலும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நடுவில் நின்று ஐந்து நிமிடம் பேசாமல் கேளுங்கள். ஒருவர் 12 மீட்டர் தள்ளி நின்று சாதாரண மேடைக் குரலில் ஒரு வசனத்தைச் சொல்லட்டும். கடைசிச் சொல் தெளிவாக விழவில்லை என்றால், இன்னும் சற்று உள்வாங்கிய, மூன்று பக்கமும் மேடான இடத்தைத் தேடுங்கள்.

## 3. பாதை

வாகனம் நிற்கும் இடத்திலிருந்து இருக்கை வரை 400 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் அது ஐந்தாறு நிமிட நடை. இருட்டில், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள கூட்டத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும்.

இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலம், அதாவது 1.2 மீட்டர், வழி முழுவதும் கிடைக்க வேண்டும். தலை உயரத்தில் நீட்டும் கிளைகளை வெட்டாமல் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டலாம். மேலெழுந்த வேர்களை மண் போட்டு மூடக் கூடாது. மண் கால் பட்டு நகர்ந்துவிடும், வேர் அங்கேயே இருக்கும். அதன் இரு பக்கமும் வெள்ளைத் துணிப் பட்டையை முளைக்குச்சியில் கட்டி, பக்கத்தில் ஒரு சிறு விளக்கு வையுங்கள்.

பாதை விளக்குகள் முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். கண் உயரத்தில் வைத்த விளக்கு கண்ணைக் கூசச் செய்யும், காலடியோ இருட்டாகவே இருக்கும். நேர்ப் பாதையில் 5 மீட்டருக்கு ஒன்று போதும். வளைவிலும் படியிலும் வேரிலும் தவறாமல் ஒவ்வொன்று வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு வெளியேறும் வழியும் தேவை. ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வர முடியும் என்பதை ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அந்த வழியில் எந்த வாகனமும் நிற்கக் கூடாது.

## 4. உட்காரும் இடமும் ஆடுகளமும்

மாலை நாடகத்தில் பார்வையாளர்கள் வடக்கையோ தெற்கையோ பார்த்து உட்கார்ந்தால் நல்லது. மேற்கைப் பார்த்தால் மறையும் சூரியன் முதல் அரை மணி நேரம் அவர்கள் கண்ணில் விழும், நடிகர்கள் வெறும் நிழலாகத் தெரிவார்கள். கிழக்கைப் பார்த்தால் அதே வெயில் நடிகர்கள் கண்ணில் விழும்.

சரிவு இருந்தால் பார்வையாளர்கள் மேலே, நடிகர்கள் கீழே. வரிசைக்கு வரிசை 15 முதல் 20 செ.மீ. உயரம் கிடைத்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. சமதரை என்றால் முதல் இரண்டு வரிசைக்குப் பாய், அடுத்த இரண்டுக்குத் தாழ்வான பெஞ்சு, பின்வரிசைக்கு நாற்காலி என்று அடுக்குங்கள். மேடை கட்டாமலே பார்வை கிடைத்துவிடும்.

வரிசைகளை நீளவாக்கில் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள். ஆளுக்கு 50 செ.மீ. அகலம், வரிசைக்கு 90 செ.மீ. ஆழம், நடுவில் ஒரு நடைவழி, இரு ஓரமும் காலி. இந்தக் கணக்கில் 100 பேரை ஆறு வரிசையில் அடக்கலாம். கடைசி ஆள் ஆடுகளத்தின் நடுவிலிருந்து 12 மீட்டருக்குள் இருப்பார். மைக் இல்லாமல் சமாளிக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆடுகளத்தின் பின்னால் அடர்ந்த புதரோ பாறையோ மண் மேடோ இருக்கட்டும். நடிகர்கள் மறைந்து காத்திருக்க அது உதவும். பாறையும் மேடும் குரலைப் பார்வையாளர் பக்கம் திருப்பியும் விடும்.

மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. எதைக் கட்டினாலும் குறைந்தது 5 செ.மீ. அகலப் பட்டையால், உள்ளே சாக்குத் துணி வைத்துக் கட்டி, நாடகம் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். உணவு கொண்டுசெல்லும் பாதை பட்டைக்கு அடியிலேயே இருப்பதால் அந்தக் காயம் மரத்தை மெல்ல மெல்லக் கொல்லும். மரத்தடியில் வாகனம் நிறுத்துவதும் அதே கேடுதான். நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கிறது. மண் இறுகினால் அவை மூச்சுவிட முடியாது.

## 5. தன்னார்வலர்கள்: யார், எத்தனை பேர்

பொது ஒருங்கிணைப்பாளர் 1, மேடை மேலாளர் 1, மேடையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்க்க 2, விளக்கு 1, ஒலி 1, அரங்கப் பொருட்கள் 2, ஆடை 1, வாகன நிறுத்தம் 2, நுழைவு 2, இருக்கை 2, பாதை 5, முதலுதவி 2, ஜெனரேட்டரும் தீயும் பார்க்க 1, தண்ணீரும் கழிப்பறையும் பார்க்க 1. மொத்தம் 24 பேர். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களுக்கு ஈடாக மூவரைக் கூடுதலாக வையுங்கள்.

ஆள் போதவில்லை என்றால் வேலையைச் சேர்க்கலாம். நுழைவைப் பார்த்தவரே நாடகம் தொடங்கிய பின் திரும்பும் பாதையின் விளக்குகளைச் சரிபார்க்கலாம். முதலுதவி, தீக்காவல், மேடை மேலாளர் ஆகிய மூன்றையும் எதனோடும் சேர்க்காதீர்கள். இவர்களில் யாரும் நடிக்கவும் கூடாது. ஒருவர் மயங்கி விழும்போது முதலுதவிக்காரர் வேடத்தோடு மேடையில் நின்றுகொண்டிருந்தால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை.

வேலையைச் சொல்லும்போது இடம், நேரம், முடிவு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். “நீங்கள் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் போதாது. “ஐந்தரை மணிக்கு மூன்றாம் வளைவில் நிற்க வேண்டும், கடைசிப் பார்வையாளர் கடந்ததும் வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டு இருக்கைப் பக்கம் வாருங்கள், நாடகம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி அங்கே போங்கள்” என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். காட்டுக்குள் கைபேசிச் சிக்னலை நம்பக் கூடாது. சீட்டு கையிலேயே இருக்கும்.

ஒருவரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். இருட்டிய பிறகு யாரும் தனியாகப் போக வேண்டாம், இரண்டிரண்டு பேராகத்தான். வரும்போதும் போகும்போதும் பெயர்ப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். கடைசியில் உள்ளே யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று அறிய அந்தப் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

## 6. ஒத்திகையின் வரிசை

வசனம் முழுவதும் மனப்பாடமாகும் வரை காட்டுக்கு வர வேண்டாம். கையில் பிரதியோடு கரடுமுரடான தரையில் நடப்பவர் தரையைப் பார்த்தே பேசப் பழகிவிடுவார். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

இடத்தில் முதல் ஒத்திகை பகலில், நடமாட்டத்துக்கு மட்டும். நுழையும் இடம், நிற்கும் இடம், வெளியேறும் இடம் ஆகியவற்றை நிறத் துணி கட்டிய முளைகளால் குறியுங்கள். ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் நுழையும் நடிகர் பின்னால் சுற்றி வர எவ்வளவு நேரமாகிறது என்று நடக்க வைத்து அளந்து, இருட்டுக்காக அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் வசனம் முடிந்துவிடும் என்றால் நடுவில் ஒரு பாட்டோ இசையோ சேர்க்க வேண்டும், இல்லையேல் நுழைவை மாற்ற வேண்டும்.

இரண்டாம் ஒத்திகை குரலுக்கு. உதவியாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்காத ஒவ்வொரு சொல்லுக்கும் கையைத் தூக்கட்டும். பெரும்பாலும் வாக்கியத்தின் முடிவில்தான் கை எழும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், அங்கே குரல் இறங்கினால் நடந்ததா, நடக்கவில்லையா, நடக்குமா என்பதே பார்வையாளருக்குத் தெரியாமல் போகும். வந்தான், வரவில்லை, வருவான் என்ற மூன்றுக்கும் வேறுபாடு அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. கத்தச் சொல்லாதீர்கள். கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் பிடித்து, வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

காற்று பலமாக வீசினாலோ தலைக்கு மேல் விமானம் கடந்தாலோ, கதாபாத்திரத்தில் நின்றபடியே காத்திருந்து தொடர வேண்டும். அதையும் ஒத்திகையில் பழக்குங்கள். திடீரென்று மணியடித்துப் பயிற்சி கொடுத்தால் இரண்டே நாளில் பழகிவிடும்.

மூன்றாவது, விளக்கும் ஒலியும் மாறும் இடங்களை மட்டும் தொட்டுச் செல்லும் ஒத்திகை. மறைவில் நிற்கும் நடிகருக்கு மேடை மேலாளரைப் பார்க்க முடியாது. ஆகவே இரு பக்க உதவியாளர்களுக்கும் சிவப்பு டார்ச் கொடுங்கள். எரிந்தால் ‘தயார்’, அணைந்தால் ‘போ’. பேசாமலே வேலை நடக்கும். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைப் பெரிதாகக் கெடுக்காது. வெள்ளை டார்ச் பட்டுவிட்டால் கண் முழுதாகப் பழக மறுபடி 20, 30 நிமிடம் ஆகும்.

கடைசியாக, முழு வேடத்தோடு, நாடக நேரத்தில், தன்னார்வலர்கள் அனைவரும் அவரவர் இடத்தில் நிற்க, பாதையில் நடந்து வருவதிலிருந்து திரும்பிப் போவது வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குறைந்தது 20 பேரைப் பார்வையாளர்களாக அழைத்துக்கொள்ளுங்கள்.

## 7. ஒலி

திறந்தவெளியில் ஒலி, அறைக்குள் போல நாலாபக்கமிருந்தும் எதிரொலித்துத் திரும்பாது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கி தேவைப்பட்டால் முன்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர் வைக்காமல், வரிசைகளின் பாதித் தூரத்தில் இரு பக்கமும் சிறிய ஸ்பீக்கர்களை வையுங்கள். முன்வரிசைக்குக் காது வலிக்காது, பின்வரிசைக்கும் கேட்கும், காட்டுக்குள்ளும் குறைவாகவே பரவும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். நடிகர்களிடமிருந்து பார்வையாளர்களை நோக்கி வீசினால் குரல் நன்றாகச் சேரும். எதிர்த் திசை என்றால் குரல் மேலே வளைந்து போய்விடும். மைக் வைத்தால் அதன் தலைக்குப் பஞ்சு உறை அவசியம்.

## 8. வெளிச்சமும் மின்சாரமும்

முதலில் வாட் கணக்கு. 50 வாட் எல்.இ.டி. விளக்கு 12 என்றால் 600, ஒலிக் கருவிகளுக்கு 500, ஆக 1,100 வாட். 230 வோல்ட் இணைப்பில் இது ஐந்து ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஜெனரேட்டரை அதன் தொடர் திறனில், அதாவது அது விடாமல் தரக்கூடிய மின்சார அளவில், முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். இந்தச் சுமைக்கு 2 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் போதும்.

ஜெனரேட்டர் 50 மீட்டராவது தள்ளி, மேட்டுக்கு அந்தப் பக்கம், காற்று கூட்டத்தை விட்டு விலகிப் போகும் திசையில் இருக்கட்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. ஜெனரேட்டரைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. எரிபொருளை நாடகத்துக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். சூடான இயந்திரத்தில் ஊற்றும்போதுதான் தீப்பிடிக்கிறது.

கேபிள் டிரம்மில் 50 மீட்டர் சுற்றியிருந்து உங்களுக்கு 20 மீட்டர் மட்டும் வேண்டியிருந்தாலும் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். சுருட்டிய கேபிளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பல டிரம்களில் சுருட்டிய நிலைக்கும் விரித்த நிலைக்கும் தனித்தனி வாட் அளவு அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். மிச்சக் கேபிளை வளையமாக அடுக்காமல் நெளிநெளியாகத் தரையில் போடுங்கள்.

எல்லா இணைப்பும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பான் (ஆர்.சி.சி.பி.) வழியாகவே போக வேண்டும். ஈர மண்ணில் உயிர் காப்பது அதுதான். நாடகத்தன்று அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் தரையைத் தொடக் கூடாது. செங்கல் மேல் வைத்து, மேலே கவிழ்த்த வாளியால் மூடுங்கள். விளக்குகள் தூசியும் நீரும் புகாமல் காக்கும் ஐ.பி.65 தரத்தில் இருந்தால் மழைச் சாரல் தாங்கும். மின் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வெளிர்நீல வெள்ளை விளக்குக்குப் பூச்சிகள் மொய்க்கும், நடிகர் வாய்க்குள்ளேயே போகும். 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க விளக்குப் பெட்டியில் இருக்கும் அளவு) அல்லது அதற்கும் கீழான மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவாக வராது. விளக்குகள் பார்வையாளர்களின் இரு பக்கமிருந்து சாய்வாக விழட்டும். மேல்நோக்கி மரக்கிளைகளில் அடிக்கும் அலங்கார வெளிச்சம் அங்கே அடையும் பறவைகளைக் கலைத்துவிடும். அதை விட்டுவிடுவது நல்லது.

## 9. ஆடை, பொருட்கள், நெருப்பு

தரையில் புரளும் ஆடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றித் தையுங்கள். முள்ளிலும் வேரிலும் மாட்டி விழுவது முதல் காட்சியிலேயே நடக்கும். வேடம் எதுவானாலும் கால் மூடிய செருப்போ ஷூவோ வேண்டும்.

தீப்பந்தம், விளக்குத் திரி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். தீ மினுங்கும் எல்.இ.டி. விளக்கைக் கோரைக் கூண்டுக்குள் வைத்தால் மூன்றாம் வரிசைக்கே வேறுபாடு தெரியாது. ஜெனரேட்டரைச் சுற்றி 3 மீட்டருக்குச் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். அருகில் எண்ணெய்த் தீக்கும் மின் தீக்கும் ஏற்ற அணைப்பான் ஒன்று, சருகுத் தீக்கு ஆறு வாளித் தண்ணீர். மின் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைக் காவலுக்கு நிற்பவர் வாயால் சொல்லக் கேளுங்கள்.

## 10. மழை, மின்னல், கடி

நடத்துவதா, ரத்து செய்வதா என்று சொல்லும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். நாடகத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு முடிவு, நாடகத்தின் நடுவே வானம் மாறினால் அவர் சொல்வதே இறுதி. கலந்து பேசி முடிவெடுக்க அப்போது நேரம் இருக்காது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நிறுத்திக் கூட்டத்தைக் கட்டடத்துக்கோ மூடிய வாகனங்களுக்கோ அனுப்புங்கள். மரத்தடியும் கூடாரமும் அடைக்கலம் ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி தொடங்கலாம்.

பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், செருப்பைக் கழற்றிவிட்டு, நடக்க விடாமல் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கயிறு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு, முதலுதவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

## 11. நாடக நாள்

காலையில் கேபிள், நண்பகலுக்குள் இருக்கை, மூன்று மணிக்கு விளக்கு, நான்கு மணிக்குத் தன்னார்வலர் கூட்டம், நான்கரைக்குப் பாதை விளக்கு. பகல் வெளிச்சத்தில் பாதை விளக்கு தேவையற்றதாகத் தெரியும். இருட்டிய பிறகு அதைப் பொருத்த யாருக்கும் கை ஒழியாது.

கழிப்பறை 50 பேருக்கு ஒன்று, நீரோடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி. கதவருகே ஒரு விளக்கு.

நாடகம் தொடங்கும் முன் இரண்டு நிமிட அறிவிப்பு: வெளியேறும் இரு வழிகள், முதலுதவி நிற்கும் இடம், கைபேசி டார்ச்சை மேடைப் பக்கம் திருப்ப வேண்டாம், முடிந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள்.

கடைசி வேண்டுகோள்தான் மிக முக்கியம். கைதட்டல் முடிந்த அடுத்த ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் கால் சுளுக்குகிறது. 100 பேர் ஒரே நேரத்தில் எழுந்து, விளக்கைப் பார்த்துக் கூசிய கண்ணோடு இருட்டுப் பாதையில் இறங்குகிறார்கள். மேடை விளக்கை மெல்லக் குறைத்து, இருக்கை ஓர விளக்குகளை ஏற்றி, பாதையில் ஐவரும் நின்றுவிட்டதாக வாக்கிடாக்கியில் செய்தி வந்த பின், பின்வரிசையிலிருந்து வரிசை வரிசையாக அனுப்புங்கள். கடைசிப் பார்வையாளரின் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதை அவர்தான் அறிவிப்பார்.

## 12. கலைத்தல்

அன்றிரவு மின் இணைப்பு, விலை உயர்ந்த கருவிகள், உணவுக் குப்பை இவை மட்டும். உணவு மிச்சமிருந்தால் இரவிலேயே விலங்குகள் வந்துவிடும். மற்றதெல்லாம் மறுநாள் காலையில். களைத்த ஆட்கள் இருட்டில் முளை பிடுங்கினால் பாதி முளைகள் மண்ணில் தங்கிவிடும்.

காலையில் எல்லோரும் ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நின்று இடம் முழுவதையும் மெதுவாக நடந்து கடக்க வேண்டும். ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்காக. முளை, பட்டை, விளக்கு, ஊக்கு எல்லாம் உள்ளே கொண்டுவந்தபோது எத்தனை என்று எழுதிவைத்திருந்தால், வெளியே போகும்போது அதே எண்ணிக்கை வருகிறதா என்று ஒப்பிடலாம். ஒதுக்கித் தள்ளிய சருகைத் திரும்பப் பரப்பி, இறுகிய மண்ணைத் தோட்ட முள்கரண்டியால் வேர் படாமல் லேசாகக் கிளறிவிடுங்கள். பின்னுக்கு இழுத்துக் கட்டிய கிளைகளை அவிழ்க்க மறந்துவிடாதீர்கள்.

நிலப் பொறுப்பாளரை அழைத்து, அவரோடு ஒரு சுற்று நடந்து, இடம் சரியாக இருக்கிறது என்று அனுமதிக் கடிதத்தின் நகலிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.